என் தம்பியைச் சேர்த்த குடிநோய் சிகிச்சை மையம்: பதினாறு மாதம் கழித்து ஒரு மதிப்பீடு

காரைக்குடியில் வீட்டோடு பலகாரம் செய்து விற்கிறேன். சீப்புச் சீடை, தேன்குழல், மனகோலம், மாவுருண்டை; முகூர்த்த மாதங்களில் சீர்ப் பலகாரமும் உண்டு. ஆர்டர் கொடுக்க வருகிறவர்களில் சிலர், கணக்குப் பேசி முன்பணம் கொடுத்த பிறகும் எழுந்திருக்க மாட்டார்கள். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். அடுப்படியில் இருக்கும் பெண்கள் உள்ளே போன சமயம் பார்த்து, "உங்கள் தம்பியைச் சேர்த்தீர்களே, அந்த இடம் எப்படி?" என்று கேட்பார்கள். மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். அரைமணி நேரம் நின்று சொன்னாலும் ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இருபத்து நான்கு கட்டில் உள்ள சின்ன இடம். அங்கே இருந்தவர்கள் பலரும் நம் சுற்றுவட்டாரத்து ஆட்கள். தம்பியும், "ஊரில் வேலை செய்கிறேன் அக்கா, பெயர் வேண்டாம்" என்றான். நேரில் கேட்டால் சொல்கிறேன். பெயர் தெரியாவிட்டாலும், இப்படி ஓர் இடத்தை எப்படிப் பார்த்து எடைபோட வேண்டும் என்பது இதைப் படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

முதலில் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆத்தங்குடியில் பூக்கல் என்னும் தரைக்கல் வார்க்கும் பட்டறையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறான். நம் பக்கத்துப் பெரிய வீடுகளின் பட்டாலையிலும் வளவிலும் காலுக்குக் குளிர்ச்சியாகக் கிடக்கும் அந்தக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். வார்க்கிறவன் கையை அதிகம் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். சதுரக் கண்ணாடித் தட்டு ஒன்றைத் துடைத்து வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தைப் பொருத்தி, உள்ளே பூ அச்சை இறக்குவார்கள். அச்சில் சின்னச் சின்ன அறைகள் இருக்கும். சிவப்புக்கு ஓர் அறை, பச்சைக்கு ஓர் அறை, மஞ்சளுக்கு ஓர் அறை. தோசை மாவுப் பதத்தில் கரைத்த வண்ணச் சாந்தைச் சின்னக் கரண்டியால் ஒவ்வோர் அறையிலும் ஊற்ற வேண்டும். பிறகு அச்சைத் தூக்க வேண்டும். அந்தத் தூக்கலில்தான் எல்லாம் இருக்கிறது. நேராக, ஒரே மூச்சில், மயிரிழை சாயாமல் தூக்கினால் பூவின் ஓரம் கத்தியால் வெட்டியது போல நிற்கும். கை சற்று ஆடினால் சிவப்பு பச்சைக்குள் இறங்கிவிடும். அதன் பிறகு மேலே உலர்ந்த மணலும் சிமென்டும் தூவிக் கலவை வைத்து மூடுவதால், கறை பட்டதா இல்லையா என்பது கல் காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறி, கண்ணாடி கழன்ற பிறகுதான் தெரியும்.

என் தம்பி அச்சைத் தூக்குவதைப் பார்க்கவே வெளியூர்க்காரர்கள் நிற்பார்கள். அந்தக் கை 2021 வாக்கில் ஆடத் தொடங்கியது. காலை ஒன்பது மணிக்குக் கரண்டி தளும்பும். மதுக்கடை திறப்பதோ பகல் பன்னிரண்டு மணிக்கு. ஆகவே முதல் நாள் இரவு வாங்கியதில் இரண்டு விரற்கடை மிச்சம் வைத்து, பட்டறை மணல் குவியலுக்குப் பின்னால் புதைத்துவைத்து, காலையில் அதைக் குடித்தால்தான் கை நின்றது. ஊரார் அவனை ஆசைக்குக் குடிக்கிறான் என்றார்கள். அவன் கை நிற்பதற்காகக் குடித்தான். இந்த வேறுபாடு எனக்கே அந்த மையத்து டாக்டர் சொன்ன பிறகுதான் புரிந்தது.

அங்கே போவதற்கு முன் இரண்டு தவறுகள் செய்தோம். இரண்டையும் மறைக்காமல் சொல்கிறேன், இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்பதற்காக.

முதல் தவறு, பொடி. 'குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்' என்ற விளம்பரத்தைப் பார்த்து, மூவாயிரம் ரூபாய் அனுப்பி வரவழைத்தேன். மிளகு ரசத்தில் கலந்து நானே ஊற்றினேன். அன்றிரவு அவன் வழக்கம்போலக் குடித்துவிட்டு வந்தான். முகம் செம்பருத்தியாகச் சிவந்தது, நெஞ்சு படபடத்தது, வாந்தி நிற்கவில்லை. அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டைசல்ஃபிராம் என்றொரு மருந்து உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் உடம்பு அப்படித்தான் எதிர்க்கும், ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும், நோயாளிக்கு விளக்கிச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே, டாக்டர் பார்வையில் கொடுக்க வேண்டிய மருந்து அது என்று பின்னால் சொன்னார்கள். என் கைச்சமையலை நம்பிச் சாப்பிட்டவனுக்கு நான் அப்படிச் செய்தேன். பிற்பாடு அவனிடம் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

இரண்டாவது தவறு, வேறொரு ஊரில் இருந்த ஒரு மையம். போனில் பேசினால் போதும், இரவில் காரோடு நான்கு பேர் வந்து தூக்கிப் போய்விடுவார்கள் என்றார்கள். வந்தார்கள், தூக்கினார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க, அவன் அப்பாவைக் கையைப் பின்னால் கட்டிக் காரில் ஏற்றினார்கள். பதினைந்து நாள் பார்க்க வரக் கூடாது என்றார்கள். மூன்றாம் நாள் அவர்களே போன் செய்து, வலிப்பு வந்துவிட்டது, வந்து கூட்டிப் போங்கள் என்றார்கள். அங்கே டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. பூட்டிய ஹாலில் நாற்பது பேர், தரையில் பாய். தம்பியின் கணுக்காலில் சங்கிலி உரசிய தழும்பு இப்போதும் இருக்கிறது. மனநோய் உள்ளவரைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு தடைசெய்கிறது. மதுவாலும் போதைப் பொருளாலும் வரும் மனக்கோளாறுகளையும் அந்தச் சட்டம் தன் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டது எல்லாம் முடிந்த பிறகு.

அதற்கப்புறம்தான் இந்த மையம். காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். முதல் நாள் அவனை அழைத்துப் போகவில்லை; நானும் தம்பி மனைவியும் மட்டும் போய்ப் பார்த்தோம். கதவு திறந்திருந்தது. வேப்ப மரத்தடியில் இரண்டு பேர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். சுவரில் நோயாளிகளின் உரிமைகள் தமிழில் எழுதி ஒட்டியிருந்தது. முன்பணம் எவ்வளவு என்று நான் கேட்டதற்கு, ஆலோசகர் அம்மா, "பணம் அப்புறம். கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததுண்டா, காலையிலேயே குடிப்பாரா, சாப்பாடு இறங்குகிறதா? அதை முதலில் சொல்லுங்கள்" என்றார். எனக்கு அந்த இடத்தின்மேல் நம்பிக்கை விழுந்தது அந்தக் கேள்வியில்தான்.

நாங்கள் செய்யவிருந்த முதல் காரியமே தவறு என்றும் அவர் சொன்னார். வீட்டிலேயே இரண்டு நாள் குடிக்க விடாமல் பூட்டிவைத்துவிட்டுக் கூட்டி வரலாம் என்று நினைத்திருந்தோம். நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் சட்டென நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம்; இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றலாம், இல்லாததைப் பார்க்கலாம், மருத்துவம் இல்லாவிட்டால் உயிரும் போகலாம். பூட்டாதீர்கள், அழைத்து வாருங்கள் என்றார். அவனிடம் பேசுவதற்கு அவர்களே ஒருவரை அனுப்பினார்கள். எட்டு வருடத்துக்கு முன் அதே மையத்தில் இருந்து மீண்டவர், கொத்தனார். பட்டறைக்கே வந்து, தம்பியோடு மணல்மேல் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் தம்பி தானே சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினான்.

முதல் ஐந்து நாளைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நல்ல இடத்துக்கும் கெட்ட இடத்துக்கும் உள்ள வேறுபாடு அந்த ஐந்து நாளில்தான் இருக்கிறது. போன உடனே ரத்தப் பரிசோதனை, ஈரல் பரிசோதனை. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் பி1 வைட்டமின் ஊசி. குடிப்பவர் உடம்பில் அந்தச் சத்து வற்றிப்போயிருக்கும், அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மூளையைப் பாதிக்கும் என்று நர்ஸ் எனக்குப் பொறுமையாக விளக்கினார். நடுக்கத்துக்கான மாத்திரையை முதலில் அதிகமாகவும் பிறகு நாளுக்கு நாள் குறைத்தும் கொடுத்தார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நடுராத்திரியிலும், யாராவது வந்து "கையை நீட்டுங்கள்" என்று சொல்லி விரல்களைப் பார்த்துவிட்டு அட்டையில் எழுதிப் போனார்கள். மூன்றாம் இரவு தம்பி சுவரில் எறும்பு ஊர்கிறது என்று துடைத்துக்கொண்டே இருந்தான். ஆண் நர்ஸ் ஒருவர், "எறும்பைத் துரத்திவிடலாம், முதலில் தண்ணீர் குடியுங்கள்" என்று தோளைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை பக்கத்திலேயே இருந்தார். கட்டவில்லை, அதட்டவில்லை. ஆறாம் நாள் காலை தம்பி டம்ளரை ஒரு கையால் தூக்கிக் காபி குடித்தான். தம்பி மனைவி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, சிந்தவில்லை" என்றாள்.

கட்டணம்: முப்பது நாளுக்கு மருந்து, சாப்பாடு எல்லாம் சேர்த்து இருபத்தெட்டாயிரம் ஆனது. எங்களுக்கு அது பெரிய தொகை. நான்கு தவணையாக வாங்கிக்கொண்டார்கள். எழுதிய ரசீது கொடுத்தார்கள். பணம் புரட்ட முடியாதவர்கள் முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, கட்டணமில்லாதது.

சாப்பாடு சுமார். கீரையும் முட்டையும் அன்றாடம் உண்டு, அது நல்லது. ஆனால் குழம்பில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. நம் பக்கத்து நாக்குக்கு இறங்குவது கஷ்டம். இரண்டாம் வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகும்போது பிரண்டைத் துவையல் கொண்டுபோனேன், அனுமதித்தார்கள்.

அந்த மையத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது மூன்றாம் வாரம் நடந்த குடும்ப வகுப்பு. டாக்டர் ஒரு குவார்ட்டர் பாட்டில் அளவுக்குத் தண்ணீரை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். 180 மில்லி. பாட்டிலின்மேல் 42.8 சதவீதம் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். அந்தத் தண்ணீரை ஆறு சின்னக் கிளாஸ்களில் ஊற்றினார். ஒரு கிளாஸுக்குப் பத்துக் கிராம் சாராயச் சத்து. பல நாடுகளில் மருத்துவர்கள் 'ஒரு மது' என்று கணக்கிடுவது ஏறத்தாழ இந்த அளவைத்தான். ஈரல் ஒரு மணி நேரத்தில் கரைப்பது ஏறக்குறைய ஒரு கிளாஸ். "ஒன்பது மணிக்கு ஒரு குவார்ட்டர் குடித்தவர் ரத்தத்தில் விடிகாலை மூன்று மணி வரை அது இருக்கும். இரண்டு குவார்ட்டர் என்றால் காலையில் வண்டியை எடுக்கும்போதும் இருக்கும்" என்றார். அந்த ஹாலில் இருந்த ஆண்கள் முகத்தை நான் பார்த்தேன். அத்தனை பேரும் 'அளவாகத்தான் குடிக்கிறேன், ஒரே ஒரு குவார்ட்டர்' என்று வீட்டில் சொல்லிவந்தவர்கள்.

பிறகு ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்து, ஒரு பக்கம் குடியால் கிடைத்தது, எதிர்ப்பக்கம் குடியால் போனது என்று எழுதச் சொன்னார்கள். எங்கள் அப்பா தேவகோட்டையில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். பற்று வரவு எழுதுவதும் வருடக் கடைசியில் ஐந்தொகை எடுத்து மிச்சமா நஷ்டமா என்று பார்ப்பதும் எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடியோடு சேர்த்துச் சொல்லிக் கொடுக்கப்பட்டது. வரவை மட்டும் எழுதினவன் கணக்கு எழுதியவன் ஆகமாட்டான் என்பார். அதனால் இந்த நோட்டை நான் மிகவும் மதித்தேன்.

தம்பி வரவுப் பக்கத்தில் எழுதியதை அப்படியே தருகிறேன்: தூக்கம் வந்தது, நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்த முதுகுவலி தெரியவில்லை, கூட்டாளிகள் கிடைத்தார்கள், முதலாளியிடம் கூலி உயர்த்திக் கேட்கத் தைரியம் வந்தது. ஆலோசகர் அம்மா இதைப் பொய் என்று தள்ளவில்லை. குடியால் ஒரு நன்மையும் இல்லை என்று வெளியில் பேசுகிறவர்களிடம் குடிப்பவர்கள் காது கொடுக்காததற்குக் காரணமே இதுதான் என்றார். அவர்களுக்குக் கிடைத்தது ஏதோ ஒன்று உண்டு. அதை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினார். தூக்கம் சீக்கிரம் வரும், ஆனால் பின்னிரவில் கலைந்துவிடும். முதுகுவலிக்கு அங்கேயே ஒரு டாக்டர் பார்த்துப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். கூட்டாளிகள் எத்தனை பேர் இத்தனை நாளில் பார்க்க வந்தார்கள் என்று கேட்டார். ஒருவன் வந்திருந்தான், அவன் குடிக்காதவன்.

பற்றுப் பக்கத்தை நானும் தம்பி மனைவியும் எழுதினோம். நாளுக்கு இரண்டு குவார்ட்டர், 280 ரூபாய், வருடத்துக்கு 1,02,200. மாதம் ஏழு நாள் வேலைக்குப் போகாத கூலி, நாளுக்கு 750 வீதம் வருடத்துக்கு 63,000. அடகு வைத்த ஐந்து பவுனுக்கு வட்டி. வண்டியோடு விழுந்த செலவு. அதற்கப்புறம் ரூபாயில் எழுத முடியாதவை. பையன் இரவில் படித்துக்கொண்டிருப்பான்; வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தத்தை வைத்தே அப்பா எவ்வளவு குடித்திருக்கிறார் என்று கண்டுபிடிப்பான். ஒரே உதையில் ஸ்டாண்ட் விழுந்தால் புத்தகம் திறந்தே இருக்கும். இரண்டு மூன்று தடவை தடுமாறினால் புத்தகத்தை மூடி, விளக்கை அணைத்து, தூங்குவது போலப் படுத்துக்கொள்வான். அதை நோட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது?

அந்த வகுப்பில் ஒரு பெரியவர், மகனைச் சேர்த்திருந்தவர், நியாயமாகவே ஒரு கேள்வி கேட்டார். இதில் வரும் பணத்தில்தானே அரசு பள்ளிக்கூடம் நடத்துகிறது, பெண்களுக்கு உதவித்தொகை தருகிறது, ஆயிரக்கணக்கானவர்கள் வேலை பார்க்கிறார்கள், இதை எப்படித் தீமை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவது என்றார். அன்று அங்கே நான் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பல நாள் யோசித்தேன். 2003 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக் வசம் இருக்கிறது. 2023-24 நிதியாண்டில் அதன் வழியே அரசுக்கு வந்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அந்தத் தொகைக்குள் என் தம்பி கொடுத்ததும் இருக்கிறது. வரவு அங்கே ஒரு பேரேட்டில் ஏறிவிட்டது. பற்று எங்கள் வீட்டில், ஆலோசகர் கொடுத்த நாற்பது பக்க நோட்டில் இருக்கிறது. இரண்டையும் ஒரே பேரேட்டில் வைத்து யாரும் ஐந்தொகை எடுக்கவில்லை. தம்பி மனைவிக்கு 2023 செப்டம்பரிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை வருகிறது. அதை அவள் பெரிதாக மதிக்கிறாள், நானும் மதிக்கிறேன். ஆனால் தம்பி குடித்த காலத்தில் அந்த ஆயிரம் அவனுக்கு நான்கு நாளைக்குக் கூட வராது.

குடிக்கிற எல்லாரும் என் தம்பி மாதிரி ஆவதில்லை என்பது எனக்குத் தெரியும். 2019இல் மத்திய அரசு வெளியிட்ட நாடளாவிய ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். தீங்கு தரும் அளவில் குடிப்பவர்களும் அடிமையானவர்களும் சேர்த்து 5.7 கோடி. மீதிப் பேர் வீடு நடத்திக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களை நான் பாவிகள் என்று சொல்லமாட்டேன். ஆனால் மூன்று பேரில் ஒருவருக்கு மேல் வழுக்கி விழுகிற படிக்கட்டை நாம் வீட்டில் அப்படியே விட்டுவைப்போமா? உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. மது புற்றுநோயை உண்டாக்கும் என்பது 1988இலேயே உறுதியாகிவிட்டது.

கடைகளை ஒரே நாளில் மூடிவிடலாம் என்பவர்களோடும் நான் சேரவில்லை. 1937இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிய நாளிலிருந்து இந்த மாநிலம் மூடியும் திறந்தும் பார்த்துவிட்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது, அந்த வீடுகளின் பெண்கள் தரையில் விழுந்து அழுததைப் பார்த்துக்கொண்டு ஒரு வாரம் என்னால் அடுப்பு மூட்ட முடியவில்லை. ஆனாலும் ஒன்றை மறக்க முடியவில்லை. 2020இல் ஊரடங்குக்காகக் கடைகள் மூடியிருந்த ஏப்ரல் மாதம். அப்போது தம்பிக்கு இந்த அளவு முற்றியிருக்கவில்லை. ஒரு வாரம் தூக்கமில்லாமல் எரிந்து விழுந்தான், அதோடு சரி. அதன் பிறகு பையனுக்குப் பழைய அச்சில் பூக்கல் வார்க்கக் கற்றுக்கொடுத்தான். வேலை இல்லை, கையில் காசு இல்லை. ஆனால் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மே மாதம் கடை திறந்த அன்று அவன் வெயிலில் வரிசையில் நின்றான். மூடு, திறந்துவிடு என்ற இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது: கடைகளைக் குறைக்கலாம், நேரத்தைக் குறைக்கலாம், தாலுகாவுக்கு ஒரு நல்ல சிகிச்சை இடம் திறக்கலாம். என் தம்பிக்குக் குடி கிடைத்தது நடந்துபோகும் தூரத்தில். சிகிச்சை கிடைத்தது இரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில்.

மையத்தின் குறைகளுக்கு வருகிறேன். பெண்களுக்கு அங்கே இடம் இல்லை. பெண்கள் யாரும் வருவதில்லை என்றார்கள். இடமே இல்லாத இடத்துக்கு எப்படி வருவார்கள்? பிள்ளைகளுக்கென்று ஒன்றும் செய்யவில்லை. மனைவிக்கு வகுப்பு உண்டு, எனக்கு வகுப்பு உண்டு, விளக்கை அணைத்துப் படுத்துக்கொண்ட அந்தப் பையனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க ஆள் இல்லை. இருபத்து நான்கு பேருக்கு ஓர் ஆலோசகர் போதாது. கழிப்பறைத் தாழ்ப்பாள் இரண்டு உடைந்து கிடந்தது. கடைசி நாள்வரை சரிசெய்யவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு வாரம் ஒரு போன் என்றார்கள், மூன்றாம் மாதத்தோடு அது நின்றுவிட்டது.

அது நின்றதன் பலனை ஐந்தாம் மாதம் அனுபவித்தோம். சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து மண்டபத்துக்குப் பின்னால் யாரோ நீட்டினார்கள், வாங்கிவிட்டான். மூன்று நாள் தொடர்ந்தது. நான் இடிந்துபோய் மையத்துக்குப் போன் செய்தேன். ஆலோசகர் அம்மா, "ஐந்து மாதம் வீணாகவில்லை. அவரிடம் போனைக் கொடுங்கள்" என்றார். திட்டவில்லை. மறுநாளே கூட்டி வரச் சொல்லி நான்கு நாள் வைத்துப் பார்த்தார்கள். மருந்துச் செலவு மட்டும் வாங்கினார்கள். சர்க்கரை நோய்க்காரருக்கு மறுபடி சர்க்கரை ஏறினால் துரத்திவிடுகிறோமா என்று கேட்டார். அந்தப் பேச்சுக்காகவே முன்னால் சொன்ன குறைகளை எல்லாம் பொறுத்துக்கொள்வேன். போன் செய்வது நின்றுபோனதையும் அவரிடமே சொன்னேன். அன்று முதல் இன்றுவரை மாதம் இரண்டு தடவை தவறாமல் கூப்பிடுகிறார்கள்.

பட்டறை முதலாளியும் அவர் பங்குக்கு ஒன்று செய்தார். மையத்திலிருந்து கேட்டுக்கொண்டதன்பேரில், சனிக்கிழமை மாலை கையில் கொடுத்துவந்த வாரக்கூலியைப் புதன்கிழமை தம்பி மனைவியின் வங்கிக் கணக்குக்கு மாற்றினார். தம்பிதான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். பட்டறையில் இன்னும் இருவர் அதே மாதிரி மாற்றிக்கொண்டார்கள்.

திரும்பி வந்த முதல் வாரத்தில் அவன் வார்த்த கல் ஒன்று என் அடுப்படியில் இருக்கிறது. நடுவில் தாமரை, சுற்றி நீலக் கரை. இதழ் ஒன்றின் ஓரத்தில் சிவப்பு நூலளவு வெளியே கசிந்திருக்கிறது. விற்க முடியாத கல் என்று ஒதுக்கியதை நான் கேட்டு வாங்கிவந்தேன். தேன்குழல் சட்டியை இறக்கி அதன்மேல்தான் வைக்கிறேன். போன மாதம் பள்ளத்தூரில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களுக்காக அறுநூறு கல் வார்த்தான். கண்ணாடி கழற்றும் நாளன்று நானும் போயிருந்தேன். ஒன்றிலும் கசிவு இல்லை.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ஞாயிறு காலை, மையத்தில் பழைய ஆட்களும் குடும்பத்தாரும் கூடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களின் வீட்டார் யாரும் வந்து கேட்கலாம், கட்டணம் கிடையாது. வரும் ஞாயிறு நானும் தம்பியும் போகிறோம். இந்தத் தடவை பையனும் வருகிறேன் என்கிறான். ஒரு டின் சீப்புச் சீடை கொண்டுபோகிறேன். கூட வர நினைப்பவர்கள் காலை ஆறரை மணிக்குப் புது பஸ் நிலையத்தில் டீக்கடைப் பக்கம் வந்துவிடுங்கள். சேர்க்கப் போகிறவரை அன்று அழைத்துவர வேண்டாம். முதலில் நீங்கள் மட்டும் வந்து பாருங்கள். பழைய மருத்துவச் சீட்டுகள் இருந்தால் மறக்காமல் எடுத்து வாருங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.